ஆணியில் தொங்கிய சூப்பான்கள்

அடங்காதவர் என்று அவரைச் சொன்னார்கள். அந்தச் சொல்லை மறுக்க நான் வரவில்லை. அதை ஒரு குற்றச்சாட்டாகச் சொன்னார்களே, அதை மறுக்கவே எழுதுகிறேன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் அடங்கியவர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லி அவரை யாரும் அழைத்ததும் இல்லை. விசைத்தறிக் கூடத்துப் பெண்கள் எல்லாருக்கும் அவர் மைனி, அதாவது அண்ணி. அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கும் மைனி. முறைப்படி அம்மாவுக்கு மைனியானவர் பிள்ளைக்கு அத்தையாக வேண்டும். பிள்ளைகள் முறையைக் கேட்கவில்லை, அவரும் திருத்தவில்லை.

என் அக்காள் அந்தத் தறிக்கூடத்தில் இரண்டு தறி ஓட்டினாள். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில், நான் அக்காள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். வீட்டின் பின்சுவருக்கு அப்பால் தறிக்கூடம். தறிக்கூடத்தோடு ஒட்டி ஓர் அறை. நூல் மூட்டை அடுக்கிவைக்க முன்பு கட்டிய அறை அது. பிறகு அதில் பிள்ளைகளை அடுக்கினார்கள். காலையில் தாய்மார் கொண்டுவந்து விடுவார்கள், வேலை முடிந்து தூக்கிப்போவார்கள். காப்பகம் என்று வாசலில் பலகை தொங்கியது. பிள்ளைக்கூடம் என்று ஊர் சொன்னது. அந்த அறைக்கு ஆயா, காவல்காரர், சமையல்காரர், நீதிபதி எல்லாம் மைனி ஒருவரே.

அறைக்கும் தறிகளுக்கும் நடுவில் ஒரு சன்னல் இருந்தது. மூட்டையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுவதற்காகத் தாழ்வாக வைத்த சன்னல். கதவு இல்லை, பிள்ளைகள் வந்த பிறகு வைத்த கம்பி மட்டும். இரண்டு வயதுப் பிள்ளை நின்றாலும் முகம் முழுதும் தெரியும். இந்தக் கதை அந்தச் சன்னலின் கதையும்தான்.

தறி ஓடும் இடத்தில் ஒரு நாழிகை நின்றவர்களுக்குத் தெரியும்: அங்கே குரலுக்கு வேலை கிடையாது. பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் கத்தினாலும் ஒன்றும் ஏறாது. அதனால் பெண்கள் உதட்டால் பேசினார்கள். குரலைச் செலவழிக்காமல், சொல்லை உதட்டில் மட்டும் அகலமாக எழுதிக் காட்டுவார்கள். நாலு தறி தள்ளி நிற்பவளிடம் என் அக்காள் தன் மாமியார் சண்டை முழுவதையும் இப்படிச் சொல்லி முடிப்பாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் கேட்காது.

மைனியும் தறி ஓட்டியவரே. ஒரு நாள், ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடா தறியைவிட்டுத் தெறித்து வந்து காதோரம் அடித்தது. தழும்பு கன்னம்வரை இறங்கியிருந்தது; அந்தக் காது போய்விட்டது. அதற்குப் பிறகுதான் முதலாளி அவரைப் பிள்ளைக்கூடத்தில் வைத்தார். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று முதலாளி நினைத்திருக்க வேண்டும். ஒரு காது போனதும் மைனியின் குரல் இரண்டு மடங்கானது. அவர் அறைக்குள் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் தெருவில் போகிற பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கும்.

அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் அது வாயில் வந்து முடியும். யாருடைய வாயையும் யாரும் மூடுவதை அவர் பொறுக்கமாட்டார். தன் வாயானாலும் சரி, பிறர் வாயானாலும் சரி. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு முறை நானும் அவரும் போயிருந்தோம். காணாமல்போன பிள்ளைகளை உட்காரவைக்கும் பந்தலில் ஒரு சிறுவன் தேம்பிக்கொண்டிருந்தான். தொண்டர் ஒருவர் அவன் வாயில் பெரிய முட்டாய் ஒன்றைத் திணித்துவிட்டு, ஒலிபெருக்கியில், "நீலச் சட்டை போட்ட பையன்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மைனி நேராகப் போய்க் குனிந்து, உள்ளங்கையை நீட்டி அந்த முட்டாயைத் துப்பவைத்தார்.

"ஏம்மா, இப்பத்தான் அழுகையை நிறுத்துனோம்" என்றார் தொண்டர்.

"நிறுத்தி என்னத்துக்குவே? நீலச் சட்டை இந்தக் கூட்டத்துல ஆயிரம் கிடக்கு. இவன் அழுகை ஒண்ணுதான் கிடக்கு. நல்லாக் கத்து மக்கா, உங்கம்மைக்குக் கேக்கட்டும்!"

அவன் கத்தினான். வளையல் கடைப் பக்கமிருந்து ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். ஒலிபெருக்கி அப்போதும் நீலச் சட்டையைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவருடைய அறைக்குத்தான் தறிக்கூடத்து மானேஜர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கடையநல்லூரில் வளைகுடாச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய பெட்டி. உள்ளே முழுவதும் சூப்பான். அந்த நாளில் எங்கள் ஊரில் எல்லாரும் அதைப் பார்த்ததில்லை. பால் வராத ரப்பர்க் காம்பு, உதட்டை மறைக்கும் வட்டத் தகடு, பின்னால் ஒரு வளையம். வளையத்தில் கறுப்புக் கயிறு கோத்துப் பிள்ளையின் கழுத்தில் கட்டிவிடலாம். மானேஜருக்கு ஒரு நியாயம் இருந்தது. சன்னலில் பிள்ளை வாயைப் பிளந்து அழுவதைக் கண்டால் தாய் தறியை விட்டு ஓடுகிறாள்; அதற்குள் இழை அறுந்து சேலையில் பழுது விழுகிறது.

"ஆளுக்கு ஒண்ணு வாயில வச்சிரும்மா. சத்தம் இருக்காது" என்றார்.

மைனி தன் நல்ல காதை அவர் பக்கம் திருப்பினார். "சத்தமா? உம்ம தறி போடுத சத்தத்துல எம்பிள்ளைக சத்தம் உமக்குக் கேட்டுச்சா? எந்தக் காதுல கேட்டுச்சுன்னு சொல்லும். அப்படி ஒரு காது எனக்கும் வேணும்."

"கேக்கலம்மா. ஆனா தெரியுதுல்லா?"

"தெரிஞ்சா உம்ம கண்ணை மூடும். பிள்ளை வாயை ஏன் மூடுதீரு?"

மானேஜர் பெட்டியைத் தாய்மாரிடமே கொடுத்துவிட்டார். சாமான் வெளிநாட்டுச் சாமான், பிள்ளையும் அடங்குகிறது. எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? அக்காள் மகள் கோமதிக்கு அப்போது இரண்டரை வயது. வாயில் தகடும் கழுத்தில் கயிறுமாக அவளும் மற்றவர்களும் அந்த அறையில் உட்கார்ந்திருந்த காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு சபை முழுவதையும் ஒரே தீர்மானத்தில் பேசாமல் ஆக்கியதுபோல இருந்தது.

மைனி அவற்றை ஒளித்துவைக்கவில்லை, பிடுங்கவில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, கீழே விழுந்ததையெல்லாம் எடுத்து வெந்நீரில் போட்டுக் கொடுத்துவந்தார். அவர் பார்க்காத ஒன்று மண்ணோடு ஒரு பிள்ளையின் வாய்க்குத் திரும்பிப் போய், அந்தப் பிள்ளைக்கு வயிறு போனது. மைனி அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அந்தப் பகலில்தான் கோமதிக்குக் காய்ச்சல் வந்தது.

அவள் சன்னலுக்கு வந்து நின்றிருக்கிறாள். சூப்பான் வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள். தாய்மாரின் உதட்டைப் பார்த்துப் பார்த்துத் தாமும் அந்தப் பேச்சைக் கற்றிருந்தார்கள். "பசிக்கு" என்று உதட்டால் சொல்லும் ஒரு பிள்ளை. "வாரேன்" என்று தறியிலிருந்து உதட்டால் பதில் வரும். பிள்ளை சமாதானமாகித் திரும்பிவிடும். பல நேரம் தாய் நகரவே வேண்டியிருக்காது. அந்தப் பகலில் கோமதியும் சொல்லியிருக்கிறாள். அக்காள் பார்த்திருக்கிறாள்.

"என்னமோ சொன்னாட்டி," என்று இரவு அவளை மடியில் போட்டு ஈரத்துணியை நெற்றியில் வைத்தபடி அக்காள் என்னிடம் அழுதாள். "திரும்பத் திரும்பச் சொன்னா. அந்தத் தகடு மட்டும் ஆடுச்சு. நான் சிரிச்சுக் கையைக் காட்டுனேன். மேலு காயுதுன்னு சொல்லியிருக்கா எம்பிள்ளை, நான் சிரிச்சிருக்கேன்."

மறுநாள் மைனிக்கு இது தெரிந்தது. அன்றே அவர் ஒரு சுத்தியலை இரவல் வாங்கிவந்தார். பிள்ளைக்கூடத்துச் சுவரில், பிள்ளைகளின் தோள் உயரத்தில், வரிசையாக ஆணி அடித்தார். கழுத்துக் கயிறுகளை அறுத்துப்போட்டு, தறியில் கழிந்த நூலை எடுத்து ஒவ்வொரு சூப்பானுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கட்டினார். கோமதிக்கு மயில் நீலம். ஒவ்வொன்றையும் ஓர் ஆணியில் மாட்டினார். பிறகு சட்டத்தை அறிவித்தார். படுத்தால் எடுத்துக்கொள்ளலாம். நடக்கும்போது வேண்டாம். சன்னலுக்கு வரும்போது வேண்டவே வேண்டாம். எடுப்பதும் மாட்டுவதும் பிள்ளையின் கை. பெரியவர்களின் கை அதில் படக்கூடாது.

முதல் நாட்களின் அழுகையை நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தறியின் இடைவேளைகளில் கேட்டேன். எல்லாத் தாய்மாரும் அக்காளைப் போல இல்லை. ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள்.

"பகலெல்லாம் நீ ஆணியில மாட்டி வச்சுக்கிடுத. ராத்திரி இவன் என் உயிரை வாங்குதான். எனக்கு உறக்கம் வேண்டாமா மைனி?"

"ராத்திரி குடேன். நான் வேண்டாம்னா சொன்னேன்? வெந்நீல போட்டுக் குடு. அவன் பேச வாரப்ப மட்டும் குடுக்காத."

"வேப்பெண்ணெயைத் தடவிட்டா ஒரே நாள்ல விட்டுருவான்லா?"

"தடவு. நாளைக்கு நீ சோறு ஊட்டுனாலும் அதுலயும் என்னமோ தடவியிருப்பன்னு உன் மூஞ்சியைப் பாப்பான். பரவாயில்லையா?"

இன்னொருத்தி கோயிலில் கொடுக்கும் புற்றுமண்ணைக் கரைத்துச் சூப்பானில் பூசிவந்தாள். எல்லா நோவுக்கும் அந்த மண்ணைப் பூசுகிற ஊர் எங்கள் ஊர். சூப்பான் நோய்க்கும் அது கேட்கும் என்று அவள் நம்பினாள். பிள்ளை அதை நக்கிச் சுத்தமாக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சூப்பானை நீட்டியது. மைனி சிரித்த சிரிப்பு தறிச் சத்தத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. "அம்மன் மண்ணு ருசியாத்தான் இருக்கும், நீ பூசிக்கிட்டே இரு. இனிமே உம்பிள்ளைக்கு ரெண்டை மறக்கடிக்கணும்!"

என்னோடும் அவருக்கு வழக்கு உண்டு. பேச்சுப் போட்டிக்காகப் பின்கட்டில் நின்று உரக்கச் சொல்லிப் பழகுவேன். சுவருக்கு மேல் அவர் தலை தெரியும். அந்தப் பெட்டியை நடுத்தெருவில் கொட்டி எரிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு நாள் முழு மேடைக் குரலில், அடிமைத்தளை, விலங்கு என்ற சொற்களோடு அதை அவரிடம் எடுத்துவைத்தேன்.

"எரிப்பட்டி. எரிச்சுட்டு நீ காலேஜ் பஸ்ஸைப் பிடிச்சிருவ. கத்துத பிள்ளையை யாரு வச்சிருக்கது?"

"கொஞ்ச நாள் கத்தும் மைனி. ஒரு தீமையை ஒழிக்கையில் வலி இருக்கத்தான் செய்யும்."

"மானேஜரு கேக்காம வாயில வச்சாரு. நீ கேக்காம வாயிலேருந்து எடுப்ப. பிள்ளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான பேச்சுக்காரி?"

பழக்கம் வேறு, விருப்பம் வேறு என்று நான் எதிர்வாதம் வைத்தேன். அந்த வாதம் சரியானது என்று இன்றும் சொல்வேன். அவரும் தன் கட்சியை விடவில்லை. இருவரும் விட்டுக்கொடுக்காமல் நின்ற வழக்கு அது. தீர்ப்பை யாரும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் சன்னலுக்கு வரத் தொடங்கினார்கள். வாயில் தகட்டோடு ஒரு பிள்ளை சன்னலை நோக்கி நடந்தால் மைனி குறுக்கே வந்து உட்காருவார். குரல் இல்லாமல், உதட்டால் மட்டும், "உங்கம்மைக்குத் தெரியாது" என்பார். பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கும். கம்பிக்கு அப்பால் தாயைப் பார்க்கும். பிறகு தானாக நடந்துபோய்த் தன் நிறத்து ஆணியில் அதை மாட்டிவிட்டு வரும். நாளாக ஆக ஆணிகளில் தொங்குபவை தொங்கிக்கொண்டே இருந்தன. படுக்கும்போதும் சில பிள்ளைகள் எடுக்க மறந்தார்கள்.

மானேஜர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாரின் கண் மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. வாயை மூட முடியாதென்றால் சன்னலை மூடிவிடலாம் என்று அவர் முடிவுசெய்தார். செங்கலும் மணலும் வந்து இறங்கின.

"என் உசுரு இந்த அறையில இருக்கவரைக்கும் அது நடக்காது" என்றார் மைனி.

"அப்ப அறையில இருக்காதம்மா. வேலையும் வேண்டாம், போயிரு" என்றார் மானேஜர்.

மைனி போகவில்லை. கொத்தனார் அடிவரிசையை வைத்துவிட்டு இரண்டாம் வரிசைக்குச் சாந்து எடுத்தார். பிள்ளைகளின் கழுத்துவரை செங்கல் வந்துவிட்டது. மைனி கொத்தனாரைத் தடுக்கவில்லை. சன்னல் ஓரமாகக் குனிந்து, தறிகளைப் பார்த்து, உதட்டால் ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். அக்காள்தான் முதலில் பார்த்தாள். அவர் சொன்னது "நிறுத்து" என்பதாம். அக்காள் தன் இரு தறிகளின் கைப்பிடியையும் தள்ளினாள். அடுத்தவளிடம் உதட்டால் சொன்னாள். அவள் அதற்கடுத்தவளிடம் சொன்னாள்.

நான் பின்கட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேலைநேரத்தின் நடுவில் அந்த அமைதியை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. எழுந்து ஓடினேன்.

அறைக்குள் பிள்ளைகள் எல்லாரும் செங்கலுக்கு மேல் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாருடைய உதடுகளும் அசைந்தன. ஒரு குரல்கூட இல்லை. சன்னலில் நின்று சத்தமாகப் பேசலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மானேஜர் பயந்துபோனார். "என்னம்மா இது? பிள்ளைகளுக்கு என்ன செஞ்சு வச்சிருக்க? ஊமைக மாதிரி நிக்கு?"

மைனி கோமதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "மக்கா, தறி நின்னு போச்சு. இப்ப வாயைத் திறந்து சொல்லு. எல்லாருக்கும் கேக்கும்."

கோமதி கொத்தனாரைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள்.

"எங்கம்மைய மறைக்காத" என்றாள்.

அந்தக் கூடத்தில் அது கடைசித் தறிவரை கேட்டது. கொத்தனார் கரண்டியைச் சாந்துச் சட்டியில் வைத்தார். "மானேஜர் அண்ணாச்சி, வேற ஆளைப் பாத்துக்கிடும். நம்மால ஆகாது" என்றவர், ஈரம் காயாத செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுக்கவும் தொடங்கினார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாலையில் முதலாளி வந்தார். தறி நின்ற கோபம் அவருக்கு. பெண்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். சன்னல் இருக்கட்டும், ஆனால் இந்தப் பெண் இருக்கக்கூடாது. இந்தப் பெண் இருக்க வேண்டுமானால் சன்னல் இருக்காது. நீங்களே சொல்லுங்கள் என்றார். அக்காள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"சன்னல்" என்றார் மைனி. பதிலைப் பிறர் சொல்ல அவர் விடவில்லை.

"மைனி, நாங்க நாளைக்கும் தறியை நிப்பாட்டுதோம்" என்றாள் அக்காள்.

"எனக்காண்டி நிப்பாட்டாதட்டி. எனக்குப் பதிலா நாளைக்கே ஒருத்தி வருவா. சன்னலுக்குப் பதிலா என்ன வரும்? சுவருதான் வரும்."

"வாயை மூடிக்கிட்டுப் போம்மா, போதும்" என்றார் மானேஜர், முதலாளிக்குப் பின்னால் நின்றபடி. மைனி உள்ளே போய், மீதிச் சூப்பான்கள் இருந்த பெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"மூடுத சாமான் உம்மகிட்டயே இருக்கட்டும்வே. முதலாளி வாரப்பல்லாம் ஒண்ணை வச்சுக்கிடும். உம்ம வாய்க்கு அளவாத்தான் செஞ்சிருக்கான்."

முற்றத்தில் எழுந்த சிரிப்பு இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

திருவேங்கடம் ஊர்ப் பக்கம் மைனிக்குத் தம்பி வீடு இருந்தது. பேருந்து நிலையத்துக்கு நான் அவருடைய துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறியவர், சன்னலில் தலையை நீட்டி, போட்டியில் நான் பாதிச் சொல்லை முழுங்காமல் பேச வேண்டும் என்றும், அந்த எரிப்பு வழக்கில் நான் சொன்னது தப்புத்தான் என்றும் கத்தினார். தப்பில்லை என்று நானும் கத்தினேன். சத்தம் போடாதீர்கள் என்று கண்டக்டர் அவரிடம் சொன்னதும், அதற்கு அவர் பதில் சொல்லத் தொடங்கியதும் தெரிந்தது. பஸ் திரும்பும்வரை அந்தப் பதில் முடியவில்லை.

அவர் சொன்னபடியே மறுநாள் புதிய ஆள் வந்தாள். நல்ல பெண், பயந்த பெண். மானேஜர் சூப்பான் பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தார். தறிகள் ஓடத் தொடங்கியதும் அவள் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு வாயிலும் ஒரு சூப்பானை வைத்தாள். அக்காள் தறியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

கோமதி எழுந்தாள். சுவரோரம் நடந்துபோய், மயில்நீல நூல் தொங்கிய ஆணியில் அந்தப் புதிய சூப்பானையும் மாட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. புதிய பெண் பெட்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஆணிகளெல்லாம் நிறைந்த பிறகு பிள்ளைகள் சன்னலுக்கு வந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தார்கள்.